உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? கிறிஸ்தவமும் சொத்தும் பற்றி ஓர் எளிய விளக்கம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீடு குடிபூரலுக்குப் போயிருந்தேன். மாடி வீடு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசில் கட்டியது. கத்தோலிக்கக் குருவான சுவாமி வந்து வீட்டை மந்திரித்து, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அவர் போனதும் பந்தலுக்குள் கதை தொடங்கியது.

"வேதக்காரருக்கு உவ்வளவு பெரிய வீடு என்னத்துக்கு? ஊசிக்காதுக்குள்ள ஒட்டகம் போனாலும் பணக்காரன் மோட்சம் போகமாட்டான் எண்டுதானே உங்கட புத்தகத்திலயே கிடக்கு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அது கடவுள் குடுத்த ஆசீர்வாதம் அண்ணை. விசுவாசம் இருக்கிற இடத்துக்குத்தான் காசு வரும்."

அப்போது மூலையில் வெற்றிலைத் தட்டோடு இருந்த ஒரு ஆச்சி மெதுவாகக் கேட்டா: "அப்ப என்ர பிள்ளையளுக்கு விசுவாசம் இல்லையோ?" வீட்டுத்திட்டத்தில் கிடைத்த அவவின் வீடு இன்னும் பூசப்படாமல் கிடக்கிறது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. பலகாரத் தட்டு வந்ததும் கதை மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவன் நான். அன்று வாய் திறக்காமல் இருந்தது இன்னும் உறுத்துகிறது. அந்த ஆச்சிக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். காசு பாவம் என்றவரும் காசு ஆசீர்வாதம் என்றவரும் ஒரே பிழையைத்தான் விட்டார்கள். இரண்டு பேருமே காசைப் பார்த்தார்கள். கிறிஸ்தவம் முதலில் கேட்கும் கேள்வி அதுவல்ல. "இது யாருடையது?" என்பதுதான் அதன் முதல் கேள்வி.

முதலில் ஒரு காணிக் கதை

வன்னியில் காணி பற்றித் தெரியாதவர் இல்லை. உறுதிக் காணி, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணி என்றால் விற்கலாம், ஈடு வைக்கலாம், சும்மா போட்டும் விடலாம். கேட்க ஆளில்லை. பெர்மிட் காணி அப்படியல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி அது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை அண்டிக் குடியேறிய எங்கள் பெற்றோர், பேரன்மார் பலருக்கு வாழ்க்கை கொடுத்தது அந்தக் காணிதான்.

பெர்மிட் காணியில் வீடு கட்டலாம். நெல் விதைக்கலாம். தென்னை வைக்கலாம், விளைச்சலை விற்கலாம். பின்னுரித்தாளர் என்று பிள்ளையின் பெயரைப் பதியலாம். வேறொருவன் வந்து வேலியைத் தள்ளினால் போய் முறையிடலாம். அந்த அளவுக்கு அது உண்மையான உரிமை. ஆனால் நினைத்தபடி விற்க முடியாது. பராமரிக்காமல் விட்டால் பெர்மிட்டே கைவிட்டுப் போகலாம். ஏனென்றால் காணியின் அடி உரித்து வேறொருவரிடம் இருக்கிறது.

இப்போது பழைய ஏற்பாட்டில் லேவியர் புத்தகத்தின் 25 ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நிலத்தை அறுதியாய் விற்கவேண்டாம், நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் குடியிருக்கும் பரதேசிகள் என்று கடவுள் இஸ்ரயேலருக்குச் சொல்கிறார். 50 வருடத்துக்கு ஒரு தடவை வரும் யூபிலி ஆண்டில், கடனுக்காகக் கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும், அடிமைப்பட்டவர் விடுதலையாக வேண்டும் என்ற சட்டமும் அங்கேதான் வருகிறது. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு விடயம். அடிப்படை எண்ணம் தெளிவாக இருக்கிறது: மனிதர் கையில் இருப்பதெல்லாம் பெர்மிட் காணி.

ஒப்பீட்டை அளவுக்கு மேல் இழுக்கவும் கூடாது. பெர்மிட்டுக்காக வருடக்கணக்கில் கந்தோர் வாசலில் நின்றவர்களுக்குக் கடவுளை ஒரு கந்தோர் போலக் காட்டுவது என் நோக்கமல்ல. "அனுபவிக்கும் உரிமை உண்டு, முழு உரித்து இல்லை" என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் சொல் பொறுப்பாண்மை. ஒப்படைக்கப்பட்ட பொருளை, ஒப்படைத்தவரின் விருப்பப்படி நடத்தும் பொறுப்பு என்று அர்த்தம். பழைய தமிழ் வேதாகமத்தில் இதைச் செய்கிறவருக்கு உக்கிராணக்காரன் என்று பெயர். எனக்கு அந்தப் பழைய சொல்லில்தான் விருப்பம் அதிகம். உக்கிராணம் என்றால் களஞ்சிய அறை. கல்யாண வீட்டில் அரிசி, மரக்கறி, பலகாரம் எல்லாவற்றையும் ஓர் அறையில் வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் திறப்பைக் கொடுப்போமே, அவர்தான் உக்கிராணக்காரன். அவர் ஒரு மூட்டை அரிசியைத் தன் வீட்டுக்குக் கொண்டு போனால் களவு. சரி, பந்தியில் சனம் பசியோடு இருக்க, அறையைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு நித்திரை கொண்டால்? அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. ஆனாலும் கல்யாண வீட்டுக்காரர் அவரைச் சும்மா விடுவாரா?

4 ஆம் நூற்றாண்டில் செசரியா நகரின் ஆயராக இருந்த புனித பசிலியார் இந்த இடத்தைத்தான் பிடித்தார். அவருடைய நாட்டில் கடும் பஞ்சம் வந்தபோது, தானியத்தைப் பூட்டி வைத்து விலை ஏறும்வரை காத்திருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். நீ பதுக்கி வைத்திருக்கும் உணவு பசித்தவனுடையது, உன் பெட்டியில் கிடக்கும் உடுப்பு உடுப்பில்லாதவனுடையது என்ற பொருளில் அவர் சொன்னதை இன்றைக்கும் திருச்சபை திரும்பத் திரும்ப வாசிக்கிறது. சாமான் பதுக்கலை நேரில் பார்த்த எங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அதற்காகக் கிறிஸ்தவம் தனிச்சொத்தே கூடாது என்று சொல்வதாக எடுக்கவேண்டாம். 1891 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதிய சுற்றுமடல், தனிச்சொத்து மனிதரின் உரிமை என்று உறுதியாகச் சொன்னது. அதே மடல்தான் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்காமல் விடுவது பெரும் பாவம் என்றும் சொன்னது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், உலகமும் அதிலுள்ள பொருட்களும் எல்லா மனிதரின் பயன்பாட்டுக்காகவே படைக்கப்பட்டவை என்பதைத் திரும்பவும் நினைவுபடுத்தியது. பெர்மிட்காரரின் உரிமை உண்மை, அடி உரித்து வேறு. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

இவ்வளவும் சேர்ந்தால் இதுதான்: சொத்து வைத்திருப்பது பிழையில்லை. அதை முற்றிலும் என்னுடையது என்று நினைப்பதுதான் பிழை. வேறொருவருக்குக் கொடுக்கவேண்டியதைப் பூட்டி வைப்பதும் ஒருவகைக் களவு.

ஊசியின் காது

அப்ப அந்த ஒட்டகம்? அதையும் பார்ப்போம்.

மாற்கு நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில் ஒரு பணக்காரர் இயேசுவிடம் ஓடி வருகிறார். நல்ல மனிதர். கட்டளைகளைச் சின்ன வயதிலிருந்தே கைக்கொண்டவர். "உனக்கு உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு, பிறகு வந்து என்னைப் பின்பற்று" என்கிறார் இயேசு. அவர் முகம் வாடிப் போய்விடுகிறார். அதன் பிறகுதான் ஊசியின் காது பற்றிய பேச்சு வருகிறது.

பிரசங்கங்களில் ஒரு விளக்கம் சொல்வார்கள். எருசலேமில் "ஊசிவாசல்" என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலில் நுழையலாமாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது, அது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த விளக்கம். ஒட்டகம் என்பது கயிறு என்ற சொல்லின் பிழையான எழுத்து என்றும் சிலர் சொல்வார்கள். கயிறும் ஊசிக்காதுக்குள் போகாது. சீடர்கள் திகைத்துப்போய் "அப்படியென்றால் யார்தான் மீட்படைய முடியும்?" என்று கேட்டதிலிருந்தே, இயேசு நடக்கமுடியாத ஒன்றைத்தான் சொன்னார் என்பது விளங்கும். மனிதரால் முடியாது, கடவுளால் முடியும் என்பது அவர் கொடுத்த பதில். அந்த வசனத்தின் முனையை மழுக்கத் தேவையில்லை.

ஆனால் இயேசு எல்லோரிடமும் "எல்லாவற்றையும் விற்றுவிடு" என்று கேட்கவில்லை. வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு தானாகவே எழுந்து, பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். மிச்சப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. யோவன்னா, சூசன்னா போன்ற பெண்கள் தங்கள் உடைமையிலிருந்து இயேசுவுக்கும் சீடருக்கும் செலவு பார்த்தார்கள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு பணக்காரர்தான்.

அந்த முதல் மனிதரிடம் மட்டும் ஏன் எல்லாவற்றையும் கேட்டார்? காரணத்தை நான் படித்து அறியவில்லை, ஒரு தையல் மெசினிடம் கற்றுக்கொண்டேன்.

2008 இன் கடைசியில் போரால் ஊரை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டையே ஏற்றினோம். ஓடு, கதவு, யன்னல், நெல் மூட்டை, அம்மாவின் தையல் மெசின். தருமபுரத்தில் ஓட்டை இறக்கினோம். விசுவமடுவில் கதவுகள். உடையார்கட்டு வரும்போது பெட்டியில் பாதி இல்லை. தையல் மெசினை மட்டும் அம்மா விடவில்லை. எறிகணை விழத் தொடங்கியபோது எல்லோரும் பங்கருக்குள் இறங்கிவிட்டோம். அம்மா மட்டும் வெளியில் நின்று அதன் மேல் தறப்பாளை மூடிக்கொண்டிருந்தா. அப்பா கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். அன்றிரவு அம்மா சொன்னது எனக்கு மறக்காது: "நான் அதை வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சன். அதுதான் என்னை வைச்சிருந்திருக்கு."

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்த மெசினில்தான் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தா. அது கெட்ட பொருளும் இல்லை. ஆனால் எந்தப் பொருளும் ஒரு கட்டத்தில் எசமான் ஆகிவிடலாம். இதைத்தான் பற்று என்கிறோம். கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒரே நேரத்தில் பணிவிடை செய்ய முடியாது என்றபோது, இயேசு செல்வத்துக்கு மாமோன் என்ற அரமேயச் சொல்லைப் பாவித்தார். சாமானைப் பற்றிப் பேசுவது போல அல்ல, ஓர் எசமானைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். அந்தப் பணக்காரருக்கு எசமான் அவருடைய சொத்து. அதனால்தான் அவரிடம் அதையே கேட்டார்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் கடிதத்தில் வரும் வசனமும் இதேதான். அதைப் பலர் "பணம் எல்லாத் தீமைக்கும் வேர்" என்று பிழையாகச் சொல்வார்கள். எழுதியிருப்பது "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்றுதான். பண ஆசை ஒரு சதமும் இல்லாதவனுக்கும் இருக்கலாம்.

இல்லாமை வேறு, எளிமை வேறு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டும். எங்கள் மண்ணில் அதிகம் காயப்படுத்திய பிழை இதில்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து, காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, நாட்கணக்கில் தங்கும். மூன்று கல் வைத்து அடுப்பு. நிலத்தில் பாய். தண்ணீருக்கு வரிசை. கொழும்பில் கார் வைத்திருப்பவரும் கூலிக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் வாளியோடு நிற்பார்கள். பிள்ளைகளுக்குத் திரும்பி வரவே மனம் இருக்காது.

போர்க் காலத்தில் அதே மடுவில், அதே மரங்களுக்குக் கீழே, ஆயிரக்கணக்கான அகதிகள் இருந்தார்கள். அதே மூன்று கல் அடுப்பு. அதே வாளி வரிசை. படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. திருவிழாவுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. அகதிக்கு இல்லை.

முதலாவது தெரிந்தெடுத்த எளிமை. இரண்டாவது இல்லாமை, அதாவது ஒருவர் மேல் சுமத்தப்பட்ட வறுமை. கிறிஸ்தவம் முதலாவதைப் புகழ்கிறது. இரண்டாவதை எதிர்க்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் எல்லாம் குழம்பிவிடும்.

"ஏழைகளே, நீங்கள் பேறுபெற்றோர்" என்று லூக்கா நற்செய்தியில் இயேசு சொல்கிறார். மத்தேயுவில் அது "ஏழையரின் உள்ளத்தோர்" என்று வருகிறது. ஏழைகள் பேறுபெற்றவர் என்பதற்கு இயேசு சொல்லும் காரணம் பசி நல்லது என்பதல்ல, கடவுளின் ஆட்சி அவர்களுக்கு உரியது என்பதுதான். மரியாளின் பாடலில் கடவுள் பசித்தோரை நலன்களால் நிரப்புகிறார். பசி புண்ணியமாக இருந்தால் எதற்கு நிரப்பவேண்டும்? யாக்கோபின் கடிதம் இன்னும் நேராகப் பேசும்: வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் நீங்கள் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது. அரிவு வெட்டுக்குப் போய்க் கூலிக்கு அலைந்தவர் யாராவது இதை வாசித்தால் தன் ஊர்க்காரர் எழுதினார் என்றே நினைப்பார்.

முகாமில் இருந்தபோது வெளியிலிருந்து வந்த ஒருவர், "நீங்கள் ஒன்றும் இல்லாமல் கடவுளுக்கு மிகக் கிட்ட இருக்கிறீர்கள்" என்று எங்களுக்குப் பிரசங்கம் செய்தார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு இன்றுவரை அது வலிக்கிறது. வறுமையைப் புகழும் உரிமை, அதைத் தானாக விரும்பி ஏற்றுக்கொண்டவருக்கு மட்டுமே உண்டு.

அப்படி ஏற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அசிசி பிரான்சிஸ் (1226 இல் இறந்தவர்) துணி வியாபாரியின் மகன். ஆயருக்கு முன்னால் தகப்பன் கொடுத்த உடுப்பையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்குக் கிட்டிய உதாரணம் புனித யோசேப் வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போய், அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்தே மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். அவருடைய வறுமை காட்சிப் பொருளாக இருக்கவில்லை. ஒளிந்திருந்த சனத்திடம் போய்ச் சேர அவருக்கு அதுதான் வழி. 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். "சுவாமி ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்தானே, பிறகு எப்படி வாகனம் ஓடுகிறார்?" என்று கேட்பார்கள். வார்த்தைப்பாடு என்பது கடவுளுக்கு முன் கொடுக்கும் வாக்குறுதி. அமலமரித் தியாகிகள் போன்ற துறவற சபையில் சேர்பவர், தன் பெயரில் சொத்து வைத்து நினைத்தபடி ஆளமாட்டேன், எல்லாம் சபையின் பொதுப் பையில் என்று வாக்குக் கொடுக்கிறார். வாகனம் சபைக்குரியது. மறைமாவட்டக் குருக்கள் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுப்பதில்லை, ஆனால் எளிமையாக வாழக் கடமைப்பட்டவர்கள். அதனால் கேட்கவேண்டிய கேள்வி வாகனம் யாருக்காக ஓடுகிறது என்பது. அதைக் கேட்கச் சனத்துக்கு முழு உரிமை இருக்கிறது.

"ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள்" என்ற இயேசுவின் சொல்லையும் சிலர் சாட்டாக எடுப்பார்கள், வறுமையை ஒன்றும் செய்ய ஏலாது என்பதுபோல. அது பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் புத்தகத்தின் 15 ஆம் அதிகாரத்திலிருந்து வரும் சொல். அங்கே அதற்கு அடுத்த வரி, ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திற என்பது.

சுருக்கமாக: இல்லாமையை ஒழிக்கவேண்டும். எளிமையை விரும்பி எடுக்கவேண்டும். ஒருவர் எளிமையை எடுப்பதே, இன்னொருவரின் இல்லாமை குறைவதற்குத்தான்.

குளம் வான் பாயும் உயரம்

எளிமை என்றால் எவ்வளவு? எத்தனை சாறி, எத்தனை பரப்பு வளவு? கணக்கு ஒன்றும் வேதாகமத்தில் இல்லை. ஆனால் வழி இருக்கிறது.

குளத்துக்கு வான் என்று ஒரு இடம் வைப்பார்கள். தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்தால் அதற்கு மேல் வருவது தானாகப் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். "குளம் வான் பாயுது" என்றால் ஊரே பார்க்கப் போகும். வான் இல்லாத குளம் கட்டை உடைத்துக்கொண்டுதான் போகும்.

லூக்கா 12 ஆம் அதிகாரத்துப் பணக்காரக் கமக்காரர் நல்ல விளைச்சல் கண்டார். களவு எடுக்கவில்லை, கூலியைப் பிடிக்கவில்லை. நெல்லு வைக்க இடமில்லை என்றதும் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தார். அந்தப் பந்தியில் அவர் பேசுவது முழுக்கத் தன்னோடுதான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் ஆத்துமா. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூட அவர் பேச்சில் வரவில்லை. அன்றிரவே செத்துப் போகிறார். அவருக்கு வான் இல்லை. தண்ணீர் கூடக்கூடக் கட்டை உயர்த்திக்கொண்டே போனார்.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1760 இல் வெளிவந்த ஒரு பிரசங்கத்தில் மூன்று விதி சொன்னார்: முடிந்த அளவு உழை, முடிந்த அளவு மிச்சம் பிடி, முடிந்த அளவு கொடு. முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை விடுவது, காசைக் கடலில் எறிவதற்குச் சமம் என்பது அவர் கருத்து. ஒக்ஸ்போர்ட் காலத்து மெதடிஸ்தர் ஒருவரைப் பற்றியும் அவர் எழுதினார், அது அவரேதான் என்பார்கள். வருடம் 30 பவுண் வரும்போது 28 பவுணில் சீவித்து 2 பவுண் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது, சீவியம் 28 தான், 32 கொடுத்தார். பிறகு 90, அதன் பிறகு 120. சீவியம் 28 ஐ விட்டு அசையவில்லை. வான் எங்கே என்று முதலே தீர்மானித்துவிட்டார்.

குடும்பம் பெருகினால், வருத்தம் வந்தால், பிள்ளை படித்தால் மட்டம் மாறத்தான் செய்யும். அதில் குற்றமில்லை. வானே வைக்காமல் விடுவதுதான் ஆபத்து.

பத்தில் ஒன்று

தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. இதைச் சுற்றி எங்கள் பக்கம் நிறையப் பயம் இருக்கிறது. கொடுக்காவிட்டால் வருத்தம் வரும், பயிர் அழியும் என்று.

பழைய ஏற்பாட்டில் அது பெரும்பாலும் தானியமும் கால்நடையும். நிலம் கிடைக்காத லேவியர் குலத்தவருக்குச் சீவனம் அதுதான். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியரோடு அந்நியர், அநாதைகள், விதவைகள் ஊருக்குள்ளேயே சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. மலாக்கி புத்தகத்தில் "களஞ்சியத்துக்குக் கொண்டுவாருங்கள்" என்று வருவது இந்தத் தானியக் களஞ்சியம்தான். அறுத்த வயலில் சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காதே, ஏழைக்கு விடு என்ற சட்டமும் இருந்தது. வெட்டு மெசின் வருவதற்கு முன்னால் எங்கள் வயல்களிலும் அரிவு வெட்டு முடிய, பெண்கள் சிறு பெட்டியோடு வந்து கதிர் பொறுக்குவார்கள். அதைத் தடுத்த கமக்காரரை ஊர் மதிக்காது.

புதிய ஏற்பாட்டில் திருச்சபைகளுக்குப் பத்து வீதம் என்று ஒரு சட்டமும் இல்லை. புதினாவிலும் சீரகத்திலும் கூடப் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு கண்டித்தார். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, வருத்தத்தோடோ கட்டாயத்துக்காகவோ இல்லாமல் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கவேண்டும் என்று. பத்தில் ஒன்று கொடுப்பது நல்ல பழக்கம், கொடுப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு அந்தப் பத்தில் ஒன்று பிள்ளையின் பால்மா. அவவிடம் பயமுறுத்தி வாங்குவது, அநாதைக்கும் விதவைக்கும் சேரவேண்டிய களஞ்சியத்தை அவர்களைக் கொண்டே நிரப்புவது.

செழிப்பு உபதேசமும் ஆச்சியின் கேள்வியும்

இனி அந்தக் குடிபூரலின் இரண்டாவது குரல். விசுவாசம் இருந்தால் காசும் சுகமும் கட்டாயம் வரும் என்ற போதனைக்குச் செழிப்பு உபதேசம் என்று பெயர். 20 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பிரசங்கிகள் சிலரிடமிருந்து உலகெங்கும் பரவியது. அதில் விதைக் காணிக்கை என்று ஒன்று உண்டு: நீ கொடுக்கும் காசு விதை, கடவுள் அதை நூறு மடங்காக விளைய வைப்பார்.

எல்லாப் பெந்தெகொஸ்தே சபைகளும் இதைப் போதிப்பதில்லை. போருக்குப் பிறகு வேறு யாரும் எட்டிப் பார்க்காத குடிசைகளுக்குள் போய், அழுதவர்களோடு அழுதவர்கள் அந்தச் சபைகளில் இருக்கிறார்கள். அதை மறந்து பேசினால் எனக்குப் பாவம். ஆனால் நுண்கடன் எடுத்து, கிழமைக் கட்டணம் கட்ட முடியாமல் தோட்டை அடைவு வைத்த ஒரு பெண், அந்த அடைவுக் காசிலேயே விதைக் காணிக்கை போட்டதை நான் நேரில் அறிவேன். விளையவில்லை. "உன் விசுவாசம் போதாது" என்றார்கள். கடனோடு சேர்த்து அந்தக் குற்றமும் அவவின் தலையில்.

நூறு மடங்கு என்ற வசனத்தை முழுதாக வாசிக்கவேண்டும். மாற்கு 10 இல், எனக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டவர் இம்மையில் நூறு மடங்கு வீடுகளையும் சகோதரரையும் தாய்மாரையும் நிலங்களையும் பெறுவார் என்று சொல்லும்போதே, "துன்பங்களோடுகூட" என்றும் இயேசு சேர்த்துச் சொல்கிறார். யாருக்காவது உறுதியில் நூறு வீடு வந்ததா? இல்லை. முதல் திருச்சபையில் பர்னபா போன்றவர்கள் நிலத்தை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தார்கள், தேவைப்பட்டவருக்குப் பகிர்ந்தார்கள். அங்கே ஒருவருக்கு எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அதுதான் நூறு வீடு. எங்கள் ஒரு வீடு போன அந்த மாதங்களில் எத்தனை பேரின் முற்றத்தில் படுத்தோம், எத்தனை தாய்மார் கையால் கஞ்சி குடித்தோம் என்று எண்ணினால் நூறுக்குக் கிட்ட வரும்.

யோபு நீதிமானாக இருந்தும் எல்லாவற்றையும் இழந்தார். நீ பாவம் செய்திருப்பாய் என்று குற்றம் சாட்டிய நண்பர்களைத்தான் கடவுள் கண்டித்தார். பவுல் பசியையும் நிறைவையும் ஒன்றுபோல அறிந்தவர், சிறையிலிருந்து எழுதியவர். இயேசு தலைசாய்க்க இடமில்லாமல் திரிந்தார், அடக்கம் செய்ததும் இன்னொருவரின் கல்லறையில். காசை வைத்து விசுவாசத்தை அளந்தால் இவர்கள் எல்லோரும் தோற்றவர்கள்.

ஆகவே ஆச்சி, உங்கள் பிள்ளைகளின் விசுவாசத்துக்கும் பூசாத சுவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த மாடி வீட்டுக்காரரின் வீடு அவருக்குப் பரிசும் இல்லை, பாவமும் இல்லை. உக்கிராண அறையின் திறப்பு அவர் கையில் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. கணக்கும் அவரிடம் கொஞ்சம் கூடக் கேட்கப்படும்.

ஒரு பிடி

எப்படித் தொடங்குவது என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். எங்கள் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

அவ உலையில் அரிசி போட முன்னம், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த சின்னப் பானையில் போடுவா. பிடியரிசி. மாதக் கடைசியில் பானை நிறைந்ததும் கோயிலுக்கோ, இல்லாத வீட்டுக்கோ போகும். அள்ளிய பிடி சமைக்கும் அரிசிக்குள்ளிருந்து போவதால், அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு வாய் குறையும். மிஞ்சியதைக் கொடுப்பதல்ல அது.

2009 இல் செட்டிகுளம் முகாமில் எங்களுக்கு நிவாரண அரிசி கிடைத்தது. கொஞ்சம் புழுத்த அரிசி. முதல் நாள் அம்மா அதைப் புடைத்துக் கொடுக்க, அம்மம்மா கையை விட்டு ஒரு பிடி எடுத்து, வெறும் பால்மாப் பேணி ஒன்றுக்குள் போட்டா. "இஞ்சயுமோ அம்மா?" என்று அம்மா கோபத்தோடு கேட்டா. அம்மம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த கூடாரத்தில் பிள்ளை பிறந்து பதினொரு நாளான ஒரு பெண் இருந்தா, கணவர் இல்லை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அம்மம்மா அந்தப் பேணியைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அங்கே போனா. திரும்பி வரும்போது பேணி வெறுமையாக இருந்தது. அடுத்த நாள் காலை உலை கொதிக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பேணியில் போட்டது அம்மா.